எழுத்தை மாற்றி எழுதிய ரகசியக் கடிதத்தைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இப்படி ஒரு துண்டுச் சீட்டு உங்கள் கையில் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

அம்மா, ஞீ மேக்க டஙச்சை அண்ணாலிற் டவைந டெக்கிநிய் லைச்சிபும்மிளேற். அட்டாலிகண் இட்டோசு எசுலுண் தொய்யாசே. ராநிள்ளும்மிவணை ணாயை மோநியும்மு லஞ்சாய் எய்யாலள்ளைநுண் ஞேபிய் தொய்மிளேற். மகிசச்சைட் டகிச்சசுண் மிவிச்சுட் டோகு.

வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆனால் தாளும் பென்சிலும் இருந்தால் ஒரே உட்காரலில் முழுவதையும் பிரித்துவிடலாம். கணினி தேவையில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன எழுத்திலக்கணம் போதும். ஆங்கிலச் சங்கேதங்களை உடைக்கக் கற்றுத்தருபவர்கள் பொதுவாக "எந்த எழுத்து அதிகம் வருகிறது, எண்ணு" என்றுதான் தொடங்குவார்கள். தமிழில் எண்ணிக்கை இரண்டாம்பட்சம். எந்த எழுத்து சொல்லின் எந்த இடத்தில் நிற்கலாம், எதன் பக்கத்தில் நிற்கலாம் என்ற கட்டுப்பாடு நம் மொழியில் அவ்வளவு இறுக்கமானது. பூட்டை உடைக்கப் போவது அதுதான்.

மேலே உள்ள சீட்டு இந்த வழிகாட்டிக்காக நானே எழுதியது. இனி "ம → க" என்று எழுதினால், சீட்டில் ம என்று இருப்பது நிஜத்தில் க என்று பொருள்.

முதலில், இது என்ன வகை?

ரகசியமாக எழுதுவதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லை வைப்பது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று இலக்கண நூல்களில் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டு படித்திருப்பீர்கள். அந்த மாதிரி சீட்டு சாதாரணத் தமிழாகத்தான் தெரியும். உள்ளர்த்தம் அந்தக் கூட்டத்துக்கு மட்டுமே தெரியும் என்பதால் எழுத்தை ஆராய்ந்து பயனில்லை. இன்னொன்று, சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றுவது. க வரும் இடமெல்லாம் ம, ச வரும் இடமெல்லாம் த என்று கடைசிவரை ஒரே மாதிரி மாற்றினால் அது எளிய எழுத்து மாற்றுச் சங்கேதம்.

நம் சீட்டு இரண்டாம் வகை என்பதற்கு அதன் முகமே சாட்சி. டஙச்சை, ணாயை என்று தமிழ்ச் சொல் தொடங்காது. ற் என்று எந்தச் சொல்லும் முடியாது. ஆனால் சொற்களின் நீளம், புள்ளி விழும் இடம், இரட்டிக்கும் எழுத்துகள் எல்லாம் தமிழ் போலவே இருக்கின்றன. உடம்பு தமிழ், உடை மட்டும் மாறியிருக்கிறது.

உயிரெழுத்துகளையும் மாற்றியிருக்கிறார்களா என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். குறில் எ, ஒ இரண்டும் தமிழில் பெரும்பாலும் சொல்லின் முதல் அசையில்தான் வரும். சீட்டில் டெக்கிநிய், தொய்யாசே, தொய்மிளேற் என மூன்று இடங்களில் அந்தக் குறிகள் இருக்கின்றன. மூன்றும் முதல் எழுத்தில்தான். அ, இ, எ என்ற தனி உயிர்களும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே நிற்கின்றன. ஆக, உயிர்க்குறிகளைத் தொடாமல் 18 மெய்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். வீட்டுக்குள் ரகசியமாக எழுதுபவர்கள் இப்படிச் செய்வதுதான் இயல்பு. உயிரையும் மாற்றினால் எழுதுபவருக்கே தலை சுற்றும்.

சுலபமான பூட்டுகளைத் தட்டிப் பாருங்கள்

மெய்களை க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். சோம்பேறிச் சங்கேதங்கள் மூன்று உண்டு: எல்லா எழுத்தையும் ஒரே அளவு தள்ளி எழுதுவது, வரிசையைத் தலைகீழாக்கி க-வுக்கு ன, ங-வுக்கு ற என்று போடுவது, இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வது. காமசூத்திரத்தின் 64 கலைகளில் மிலேச்சித விகல்பம் என்ற ரகசிய எழுத்துக் கலையும் ஒன்று. ஜோடி மாற்றும் முறை அதன் உரையில் விளக்கப்பட்டிருக்கிறது.

முழுச் சீட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டாம், முதல் மூன்று சொற்கள் போதும். நம் சீட்டில் ஒவ்வோர் எழுத்தையும் ஓரிடம் பின்னால் தள்ளினால் "அப்பா, சீ பேன்ன" என்று வரும். இரண்டு சொல்லில் ஆசை காட்டிவிட்டு மூன்றாவதில் கவிழ்த்துவிடுகிறது. தலைகீழாக்கினாலும் முதல் சொல் அப்பாதான், ஆனால் அடுத்தது ழீ. மீதித் தள்ளல்களையும் இதே போல முயன்று பாருங்கள், எதுவும் தேறாது. சரி, வரிசை கலைந்த சங்கேதம்தான். இப்போதுதான் உண்மையான வேலை.

எண்ணுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்திதான் இந்த உத்தியை முதலில் எழுதிவைத்தவர். ஒரு மொழியில் எழுத்துகள் வரும் அடர்த்தி ஏறத்தாழ மாறாதது, ஆகவே சங்கேதத்தில் அதிகம் வரும் குறி அந்த மொழியில் அதிகம் வரும் எழுத்தாக இருக்கும் என்றார். ஆங்கிலத்தில் 'ஈ' என்ற எழுத்து மட்டும் 12 சதவீதத்துக்கு மேல் வருவதால் இது அங்கே சிறப்பாக வேலை செய்கிறது.

நம் சீட்டில் மெய்களை (புள்ளி வைத்தது, உயிர் ஏறியது இரண்டையும் சேர்த்து) எண்ணினால்: ச 16, ம 13, ட 11, ய 10, க 8, ண 8, ல 6, ள 6, ந 5. ஞ, ற, வ மூன்று முறை, த, ப இரண்டு முறை, ங, ர ஒரு முறை. மொத்தம் 98. ன, ழ இரண்டும் வரவே இல்லை.

தமிழ் உரைநடையில் க, த, ம, ன, ப, ட, ர, ல, வ ஆகியவை திரும்பத் திரும்ப வரும். ங, ஞ, ழ அபூர்வம். அதனால் சீட்டின் ச, ம, ட மூன்றும் இந்தக் கூட்டத்தில் ஏதோ மூன்று என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போகாதீர்கள். சிறிய கடிதத்தில் எண்ணிக்கை ஏமாற்றும். இந்தச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிஜக் கடிதத்திலேயே ன மூன்றே முறைதான் வருகிறது, அதைப் பிறகு பார்ப்பீர்கள். எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அங்கேயே வழி தவறியிருப்போம்.

(கணினியில் எண்ணுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கொ, கோ போன்றவற்றின் உயிர்க்குறி சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரண்டு துண்டாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். எண்ணுமுன் அதைச் சீராக்குங்கள்.)

சொல்லின் வாலைப் பிடியுங்கள்

மொழிக்கு முதலில் வரும் எழுத்து 22, இறுதியில் வரும் எழுத்து 24 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. இதில் நமக்கு வேண்டியது சிறு பகுதிதான். சொல்லின் முதலில் வரும் மெய்கள் க ச த ந ப ம வ ய ஞ. சொல்லின் கடைசியில் புள்ளியோடு இன்று புழங்குபவை ம் ன் ல் ர் ள் ண் ய் ழ். இவை தவிர க் ச் த் ப் நான்கும் கடைசியில் நிற்கலாம், ஆனால் அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்கினால் மட்டும். சந்தி என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அதுதான். (டீ, ரயில், லாரி போன்ற சொற்கள் முதலெழுத்து விதியை மீறும். கடிதத்தில் அவை இருக்கக்கூடும் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.)

இப்போது சீட்டில் புள்ளியோடு முடியும் சொற்களைப் பாருங்கள். கடைசி எழுத்துகள் நான்கே: ற், ய், ண், ட்.

ட் மீது கண் வையுங்கள். "மகிசச்சைட் டகிச்சசுண்", "மிவிச்சுட் டோகு". இரண்டு இடத்திலும் அடுத்த சொல் ட-வில் தொடங்குகிறது. இது சந்தி. ஆக, சீட்டின் ட என்பது க, ச, த, ப நான்கில் ஒன்று. கடிதம் எழுதியவர் சந்திப் பிழை செய்யாமல் எழுதியதாலேயே மாட்டிக்கொண்டார்! இலக்கண சுத்தமாக எழுதும் அக்கறைக்காரரின் ரகசியம்தான் முதலில் வெளியே வரும். ரகசியம் காக்க வேண்டுமென்றால் சந்தியை விட்டுவிடுவது நல்லது.

மீதி ற், ய், ண் மூன்றும் ம், ன், ல் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். எது எது என்று தெரிய, ஒரே மாதிரி முடியும் சொற்களைத் தேடுங்கள். லைச்சிபும்மிளேற், தொய்மிளேற் இரண்டும் "-மிளேற்" என்று முடிகின்றன. இகரம், அடுத்து நெடில் ஏகாரம், அடுத்து புள்ளி. கடிதத்தில் இந்த உருவத்தில் என்ன வரும்? வருகிறேன், இருக்கிறேன், சொல்கிறேன். "-கிறேன்"!

ம → க, ள → ற, ற → ன. ஒரே அடியில் மூன்று எழுத்து.

நம்புமுன் சோதிக்க வேண்டும். ள் வரும் இடமெல்லாம் ள்ள என்று இரட்டிக்கிறது. ற்ற என்பது தமிழில் சர்வ சாதாரணம், பொருந்துகிறது. ம் என்ற எழுத்தை அடுத்து எப்போதும் ம-வே வருகிறது. க, ச, த, ப நான்கின் புள்ளியெழுத்துக்குப் பின்னால் அதே எழுத்துதான் வரும் என்பது விதி (பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் விலக்கு). அதுவும் பொருந்துகிறது. சரி, பிடி கிடைத்துவிட்டது.

முதல் சொல்லைப் பாருங்கள். "அம்மா" என்று பச்சைத் தமிழாக உட்கார்ந்திருந்ததே, அது அக்கா. மாற்றிய பிறகும் உண்மைச் சொல் போலவே தெரியும் இந்த மாதிரிப் பொறி தமிழில் அடிக்கடி விழும். "இந்தச் சொல்லை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்" என்று தொடக்கத்திலேயே முடிவு கட்டாதீர்கள்.

ஒன்றைப் பிடித்து ஒன்று

இனி தெரிந்த எழுத்துகளை நிரப்பி, தெரியாத இடத்தில் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். அதிகம் நிரம்பிய சொல்லை எடுப்பதுதான் சூட்சுமம்.

"மோநியும்மு" இப்போது "கோ-யி-லு-க்கு" மாதிரி இருக்கிறது: கோ, ஏதோ ஓர் இகர எழுத்து, ஏதோ ஓர் உகர எழுத்து, க்கு. கோயிலுக்கு! ஆனால் கோவிலுக்கு என்றும் எழுதுவார்களே. ய → ல என்பது உறுதி, ந மட்டும் ய-வா வ-வா என்று தெரியவில்லை. இரண்டையும் எழுதி வைத்துவிட்டு நகருங்கள். அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்தால் பின்னால் நாலு சொல் குழம்பும்.

"எய்யாலள்ளைநுண்" என்பதில் எல்லா, ஒரு மெய், ற்றை, ஓர் உகர எழுத்து, கடைசியில் புள்ளி. எல்லாவற்றையும். ல → வ, ந → ய, ண → ம. கோயிலா கோவிலா என்ற வழக்கும் இங்கேயே தீர்ந்தது. "அண்ணாலிற்" தானாக அம்மாவின் என்று மாறுகிறது.

"எசுலுண்" என்பது எ, ஓர் உகர எழுத்து, வும். எதுவும். ச → த. அதிகம் வந்த எழுத்து த என்பது எண்ணிக்கையோடும் ஒத்துப்போகிறது. "லஞ்சாய்" என்பது வ, ஒரு புள்ளியெழுத்து, தால். த-வுக்கு முன்னால் நிற்கும் அதன் இனமெல்லினம் ந். ஞ → ந, வந்தால். "ஞீ" என்பதும் நீ ஆகிவிட்டது.

"தொய்யாசே" என்பதில் முதல் மெய் மட்டும் தெரியவில்லை: _ொல்லாதே. கொல்லாதே என்று படித்துப் பதற வேண்டாம், க-வை ஏற்கெனவே ம எடுத்துக்கொண்டது. சொல்லாதே. த → ச.

இப்போது ட-வுக்குத் திரும்புங்கள். க, ச, த, ப நான்கில் ஒன்று என்றோம். க, த, ச மூன்றுக்கும் ஆள் வந்தாயிற்று. மிச்சம் ப. "அட்டாலிகண்" என்பது அப்பாவி_ம். அப்பாவிடம் என்றால் க → ட. "இட்டோசு" இப்போது, "மேக்க" கேட்ட, "டோகு" போடு, "டெக்கிநிய்" பெட்டியில். பலகாரத் தட்டு காலியாவது போல சீட்டு வேகமாகக் கரைகிறது.

"டஙச்சை" கொஞ்சம் நிதானம் கேட்கும். ப_த்தை. பணத்தை, பழத்தை, பாடம் தொடர்பான ஏதாவது என்றால் பதத்தை. "நீ கேட்ட பழத்தை" என்றும் பொருள் வருகிறதே? பக்கத்துச் சொல்லைக் கேளுங்கள். "டவைந" என்பது ப_ைய, அதாவது பழைய. வ → ழ. ழ போய்விட்டது, த-வும் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே ங → ண, பணத்தை. மீதி இரண்டு: "லைச்சிபும்மிளேற்" வைத்திருக்கிறேன், ப → ர. "ராநிள்ளும்மிவணை" ஞாயிற்றுக்கிழமை, ர → ஞ.

முழுக் கடிதம்:

அக்கா, நீ கேட்ட பணத்தை அம்மாவின் பழைய பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை மாலை கோயிலுக்கு வந்தால் எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன். கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு.

சாவியையும் எடுத்துவிடுங்கள்

கடிதம் படித்தாகிவிட்டது என்று பென்சிலை வைத்துவிட வேண்டாம். சாவி கிடைத்தால் அதே ஆள் எழுதிய அடுத்த கடிதம் தானாகத் திறக்கும். நிஜ எழுத்து மேலே, சீட்டு எழுத்து கீழே:

க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன
ம ? த ர க ங ச ஞ ட ண ந ப ய ல வ ? ள ற

ட-வுக்குக் கீழே இருந்து படித்துப் பாருங்கள்: க ங ச ஞ ட ண ந ப ய ல வ ? ள ற. சில எழுத்து விடுபட்டாலும் வரிசை அகர வரிசைதான். ஆக, கேள்விக்குறி இடத்தில் ழ வர வேண்டும். மிச்சமிருக்கும் ன, ங-வுக்குக் கீழே போகும். தொடக்கத்தில் இப்போது ம ன த ர. உயிரைச் சேர்த்துப் பாருங்கள்: மானாமதுரை. ஒரு சொல்லைத் தேர்ந்து, அதன் மெய்களை (திரும்ப வருவதை விட்டுவிட்டு) முதலில் எழுதி, மீதியை வரிசையாக நிரப்பியிருக்கிறார்கள். ஞாபகம் வைக்க எளிது என்பதால் கையால் எழுதும் சங்கேதங்களில் இது பிரபலம். பாதி எழுத்து தெரிந்ததுமே இந்த மாதிரி வரிசை தெரிகிறதா என்று பார்த்தால் மீதிப் பாதி வேலை மிச்சம்.

எங்கேயும் பிடி கிடைக்கவில்லை என்றால்

கடிதத்தில் என்ன இருக்கும் என்று ஊகியுங்கள். யாருக்கு எழுதியது, எந்த மாதம், வழக்கமாக எப்படித் தொடங்குவார்? 'அன்புள்ள' என்று ஒரு சொல் கிடைத்தால் ன, ப, ள மூன்றும் கையில். எண்களை மாற்றாமல் விட்டிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் சிறுவயதில் தானே உருவாக்கிய சங்கேதத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். அதை உடைக்கப் பல ஆண்டுகள் முயன்ற லெஸ்லி லிண்டருக்கு 1958-இல் ஒரு பக்கத்தில் ரோமன் எண்ணில் 16, பக்கத்தில் 1793 என்ற ஆண்டு கண்ணில் பட்டது. பிரெஞ்சு மன்னர் 16-ஆம் லூயி தலை வெட்டப்பட்ட ஆண்டு அது. அந்தச் சம்பவத்துக்குரிய ஆங்கிலச் சொல்லை அங்கே பொருத்திப் பார்த்தார், சங்கேதம் அவிழத் தொடங்கியது. நாட்குறிப்பு 1966-இல் புத்தகமாக வந்தது.

கடிதம் மிகச் சிறியதாக இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தும். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 25 முதல் 30 எழுத்தாவது வேண்டும் என்பது அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட ஆய்வின் வழி வந்த கணக்கு. நான்கு சொல் சீட்டை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இன்னொரு சீட்டு கிடைக்கும்வரை காத்திருங்கள்.

எழுத்துக்குப் பதில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று வரைந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டு இதே வழியில் போங்கள். எண்கள் ஜோடி ஜோடியாக இருந்து, ஒன்று 18-ஐத் தாண்டாமலும் மற்றது 12 அல்லது 13-ஐத் தாண்டாமலும் இருந்தால் மெய்யும் உயிரும்தான். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதியிருந்தால்தான் உண்மையிலேயே சிரமம், சொல்லின் வால் தெரியாது. அப்போது இரட்டிக்கும் எழுத்தையும் ந்த, ங்க, ண்ட, ம்ப போன்ற இணைகளையும் நம்பியே போக வேண்டும். ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்காது என்பது அங்கே நல்ல உதவி.

அப்புறம், அடுத்தவர் கடிதம் என்றால் உடைத்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் மனசாட்சி. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் காதலர்கள் சங்கேதத்தில் விளம்பரம் கொடுத்துப் பேசிக்கொள்வார்கள். விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டனும் நண்பர் லயன் பிளேஃபேரும் அவற்றைப் படித்துப் பொழுதுபோக்குவார்கள். ஆக்ஸ்போர்டு மாணவர் ஒருவர் காதலியோடு ஓடிப்போகத் திட்டம் போட்டபோது, வீட்ஸ்டன் அதே சங்கேதத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு புத்திமதி விளம்பரம் கொடுத்தார். அவளிடமிருந்து உடனே பதில் விளம்பரம் வந்தது: இனி எழுதாதே, நம் சங்கேதம் அம்பலமாகிவிட்டது.

நீங்களே உடைத்துப் பார்க்க இன்னொரு சீட்டு. இதுவும் வீட்டுச் சங்கதிதான், சாவி வேறு ஊர்:

ணப்நி, பவை லத்ணுலிஞ்ஞணு. லட்ஞிமை எஞுச்சாணே. நேயுத்ணிர் லா. தாற் லாகரிர் சாண்ணியுச்சிளேற். காந்நாஞு ணமாயாச இயுச்சிளணு.

இதிலும் "ளேற்" இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சாவிச் சொல்லில் ன இருந்து, அதற்கு முன்னால் உள்ள ழ, ள, ற மூன்றும் இல்லையென்றால், அந்த மூன்றும் ஓரிடம் மட்டும் நகரும். ன-வும் இல்லையென்றால் அவை நகரவே நகராது, ற ற-வாகவே சீட்டில் நிற்கும். ஊர்ப் பெயரைச் சாவியாக வைப்பவர்கள் கவனிக்க மறக்கும் ஓட்டை அது.